முகத்தை நினைத்தால் போதும்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. 1998இல், திருவனந்தபுரத்தில், குற்றாலலிங்கத்துக்கு. இன்றைக்குக் கேட்டாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கர். ஆசைக்கு ஒரு நாவல் எழுதினார். சீந்துவாரில்லை. மனுஷன் குறுக்குவழி ஒன்று கண்டுபிடித்தார். முத்தரசன் என்று ஓர் எழுத்தாளரைப் படைத்தார். எஸ்டேட் கிளார்க். கல்லாற்றில் மூழ்கிச் செத்தவர். தம்பானூர் லாட்ஜில் அவர் விட்டுப்போன கைப்பிரதிதான் இந்த நாவல் என்று முன்னுரையில் அளந்துவிட்டார். பின்னட்டைக்கு ஒரு முகம் வேண்டுமே? ஸ்டுடியோ பிச்சுமணியிடம், யாரும் வாங்க வராத போட்டோக்கள் டப்பா நிறையக் கிடந்தன. மீசை வைத்த சாதுவான முகம் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டார்.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. கடைக்கு வந்த ஓர் அம்மாள், கையிலிருந்த அந்தப் புத்தகத்தின் பின்னட்டையைக் காட்டி, "பாவம், தண்ணிக்குள்ள எப்பிடித் தவிச்சுதோ அந்தப் பிள்ள!" என்று கண்ணைத் துடைத்தாள். குற்றாலலிங்கத்துக்குச் சுருக்கென்றது. நடக்காத சாவைச் சொல்லிக் கண்ணீர் வாங்கிவிட்டோமே... அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கர்க்கடக வாவு வந்தது. நம்முடைய ஆடி அமாவாசைதான். கரமனை ஆற்றங்கரை. காலை எட்டு மணி. செத்துப்போன அப்பாவுக்குப் பலி போட வந்திருந்தார். பிண்டம் வைத்து, காக்கையைக் கூப்பிட ஈரக் கையைத் தட்டினார். காக்கை வந்து தின்றது.

"வேற ஆருக்காவது பலி உண்டா?" மந்திரம் சொன்ன போற்றி கேட்டார்.

வாய் தானாகச் சொன்னது. "முத்தரசன்."

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

"முகத்த நெனச்சா மதி."

நினைத்தார். பின்னட்டை முகத்தை.

பிண்டம் வைத்தார். கை தட்டினார். காக்கை தள்ளி நின்று பார்த்தது. தொடவில்லை. மறுபடி தட்டினார். ம்ஹூம்...

பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

ஈரக் கை. சளப்... சளப்...

திரும்பினார். யாருமில்லை.

காதோரம் ஒரு குரல்.

"அண்ணாச்சி... எனக்கு நீச்சல் தெரியுமே..."

குனிந்து பார்த்தார். காக்கை தின்றுகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் பிச்சுமணி பேப்பரோடு ஓடிவந்தார். மரண அறிவிப்பில் அதே முகம். வித்துரா வேலப்பன். "புக்கு அடிக்கும்போ இவன் உசுரோட இருந்திருக்கான்வே!"

குற்றாலலிங்கம் வித்துராவுக்குப் போனார். வேலப்பன் மனைவி இசக்கிசெல்வி அழுது அழுது சொன்னாள்.

"வாவு அன்னைக்கு, அவுக அப்பாவுக்குப் பலி போடக் கல்லாத்துல எறங்குனாக. எட்டு மணி. முட்டளவுத் தண்ணிதான் அண்ணாச்சி... எங்களுக்கு ஆம்பளப் பிள்ளையும் இல்ல. இனி அவுகளுக்குப் பலி போட ஆரு உண்டு?"

குற்றாலலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். உயிரோடு இருக்கும்போதே போட்டாயிற்று என்று அவளிடம் எப்படிச் சொல்வது?