இடது முழங்கால், உட்பக்கம்

கவினின் முழங்காலை உடைத்தது நான்தான்.

மைதானத்தில் அவன்மேல் பாய்ந்தவன் என் பேரன் அகிலன். அது எல்லோருக்கும் தெரியும், வீடியோகூட இருக்கிறது. ஆனால் எந்தக் கால், எந்தப் பக்கம் என்று அவன் காதில் போட்டது நான். பல்லுப் போன கிழவி! இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை. பேத்தி என் போனில் ஏதோ போட்டுத் தந்திருக்கிறாள். நான் கதைக்கக் கதைக்க அது எழுதிக்கொண்டு போகிறது. நல்ல சாமான்! கதைக்கிறதென்றால் எனக்குப் பிடிக்கும். ஆகையால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விளையாட்டைச் சொல்ல வேண்டும். ஃபுட்போல் என்று பெயர். அகிலன் பல்கலைக்கழக விளையாட்டு ரீமில் எடுபட்டுவிட்டான் என்றதும், எங்கள் பெடியள் விளையாடும் உதைபந்தாட்டம் என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், பந்தைக் காலால் உதைக்கிறவர்களைக் காண்பதே அருமை! ஒருவன் பந்தைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு ஓடுகிறான், மற்றவர்கள் அவனைப் பிடித்து விழுத்துகிறார்கள். அவ்வளவுதான். முதல் மாட்சில் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தேன். அடுத்த மாட்சில் எழும்பி நின்று கத்தினேன்... என் மகள் வதனி என் குளிர்கோட்டைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

இங்கத்தைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு லீக் நடத்துகின்றன. கோடை முடிகிற நேரம் தொடங்கினால், மரங்கள் மொட்டையாகும்வரை சனிக்கிழமைகளில் மாட்ச். மேலே நிற்கிற சில ரீம்களுக்குத்தான் அரையிறுதி, இறுதி எல்லாம். ரீம்களின் பெயர் என் வாயில் வராது. நிறத்தால் பிடித்து வைத்திருக்கிறேன். அகிலனின் ரீம் செம்மஞ்சள். ஓடுகிறவர்களை விழுத்துவது அவன் வேலை. பச்சை ரீமில் பந்தோடு ஓடுகிறவன்தான் கவின். பரிமளம் ரீச்சரின் பேரன்.

பரிமளம்... இந்தப் பெயரைச் சொல்ல இப்போது எனக்கு வாய் இனிக்கிறது. போன வருடம்வரை இப்படி இல்லை.

கனடாவுக்கு வந்த புதிதில் இரண்டு குடும்பமும் டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடம். அவள் ஊரில் படிப்பித்தவள். நான் இங்கே கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் நின்றேன். லிஃப்டில் என்னோடு ஏறினால் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். அதைக்கூட மன்னித்திருப்பேன். உண்மையில் கோழி மணம் அடித்திருக்கும்தானே!

வதனிக்கு ஒரு நல்ல சம்பந்தம் பொருந்தி வந்தது. சாதகம் பார்த்து, வாக்குக் கொடுத்து, மண்டபம் விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய் எங்களைப் பற்றிப் பரிமளத்திடம் கேட்டிருக்கிறாள். அவள் சொன்ன பதில் சில நாளில் என் காதுக்கு வந்தது.

"தாய்க்காரிக்குக் கையெழுத்தே வராது, கைநாட்டு. உதுகளின்ர வளர்ப்பு எப்பிடி இருக்கும்?"

சம்பந்தம் குழம்பியது. வதனி குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். எனக்குக் கேட்கக்கூடாதாம். கேட்டதே!

அதோடு முடிந்ததா? அதே மாப்பிள்ளையைப் பரிமளம் தன் மகளுக்குக் கட்டி வைத்தாள்! கவின் அந்த மனுசனின் பிள்ளை. விளங்குகிறதா? என் பேரனாகப் பிறந்திருக்க வேண்டியவன்.

வதனி பிறகு வேறொரு நல்ல பெடியனைக் கட்டி, அகிலனையும் பேத்தியையும் பெற்று, ரூஜ் பக்கம் வீடு வாங்கிச் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். நானும் அவளோடுதான். அவள் எப்போதோ மறந்துவிட்டாள். நான் மறந்தேனா? கோயிலில் பரிமளத்தைக் கண்டால் நன்றாகச் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அவள் எவ்வளவு மெலிந்திருக்கிறாள், எத்தனை பல்லுப் போயிருக்கிறது என்று பார்ப்பேன்.

எனக்குத் தெரிந்த ஒரு கைவேலை சுளுக்குப் பார்ப்பது. நல்லெண்ணெயைச் சூடாக்கி, விரலால் தடவி எடுக்கிறது. அஜின்கோர்ட்டிலிருந்துகூட இடுப்பு நாரி பிடித்தவர்களும் கழுத்துப் பிடித்தவர்களும் தேடி வருவார்கள். போகும்போது ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பிஸ்கட் பெட்டி.

லீக்கின் கடைசி மாட்சுக்கு முந்தின கிழமை. வதனி வேலைக்குப் போய்விட்டாள். வாசல் மணி அடித்தது. திறந்தால் பரிமளம்! பக்கத்தில் கவின், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், இடது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு.

பயிற்சியில் கால் திரும்பிவிட்டதாம். ரீமில் வைத்தியம் பார்க்கிறவர்களுக்குச் சொன்னால் உடனே வெளியே இருத்திவிடுவார்களாம். கடைசி மாட்சைப் பார்க்கக் காசுக்கு விளையாடுகிற பெரிய லீக்கிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். அதில் ஓடாவிட்டால் பெடியனின் கனவு அவ்வளவுதானாம். தாய் தகப்பனுக்கும் தெரியாதாம். எல்லாவற்றையும் என் செருப்புத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்களை விட்டா எனக்கு ஆரும் இல்லை, செல்லமக்கா."

அக்கா! இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து முதல் அக்கா.

பெடியனைக் கதிரையில் இருத்தி எண்ணெய் பூசினேன். முழங்காலின் உட்பக்கத்தில் விரல் பட்டதும் அவன் மூச்சை உள்ளே இழுத்தான். வீங்கி, களி மாதிரி இருந்தது. சுளுக்கு இப்படி இராது. தடவி மாறுகிற காலில்லை, டாக்குத்தரிடம் காட்டவேண்டிய கால் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

நோகிறதா ராசா என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான், அம்மம்மா," என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். நல்ல பிள்ளை. இதையும் சொல்லத்தானே வேண்டும்... மிக நல்ல பிள்ளை.

பரிமளம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தால் அதுதான் தீர்ப்பு. நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"பயப்பிடாதேங்கோ, ரீச்சர். சின்னச் சுளுக்கு. விளையாடலாம்."

அவர்கள் போனதும் தேத்தண்ணீர் ஊற்றினேன். எனக்குச் சலரோகம், சீனி தொடக்கூடாது. அன்றைக்கு நிறையச் சீனி போட்டு, ஆறவைத்து, சொட்டுச் சொட்டாகக் குடித்தேன்!

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

கடைசி மாட்ச் செம்மஞ்சளுக்கும் பச்சைக்கும். வென்றால் அரையிறுதி. தோற்றவர்களுக்கு அன்றோடு சீசன் முடிந்து சரி. அகிலன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து இருந்தான், வெள்ளிக்கிழமைகளில் என் புட்டுக்காக வருவான். மாட்சுக்கு முதல் நாளும் வந்தான். இன்னொரு அகப்பை புட்டை அவன் கோப்பையில் போட்டபடி மெல்லச் சொன்னேன்.

"பரிமளத்தின்ர பேரனுக்கு இடது முழங்கால் சரியில்லை, ராசா. உட்பக்கம். உதிலை பட்டா எழும்பமாட்டான்."

சாப்பிட்ட கை அப்படியே நின்றது.

"தட்ஸ் டேர்ட்டி, அம்மம்மா. நான் உதைக் கேக்கேல்லை, சரியோ?"

எழும்பிக் கையைக் கழுவினான். புட்டு மிச்சம். கேட்கவில்லை என்றான்... ஆனால் கேட்டுவிட்டானே!

சனிக்கிழமை நல்ல குளிர்காற்று. நானும் வதனியும் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தோம். முன் வரிசையில் பரிமளம். திரும்பி எங்களுக்குப் பொரித்த ரோல்ஸ் நீட்டினாள், இன்னும் சூடாக இருந்தது. வாங்கிச் சாப்பிட்டேன். உறைப்புக் காணாது, மற்றபடி நல்ல ரோல்ஸ்.

கவின் என்ன ஓட்டம் ஓடினான் தெரியுமா! அந்தக் காலோடு. ஒருவனைச் சுற்றி, இன்னொருவனைத் தள்ளி... என்னையறியாமல் நான்கூட "அட!" என்றேன். வதனி சிரித்தாள்.

மாட்ச் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கவின் எங்கள் பக்கத்துக் கோட்டோரமாகப் பந்தோடு வந்தான். அகிலன் குறுக்கே ஓடி வந்து தாழப் பாய்ந்தான். இரண்டு பேரும் உருண்டார்கள். ஒருவன் எழும்பினான்.

பிழையான பாய்ச்சல் என்றால் நடுவர்கள் ஒரு துணியை நிலத்தில் எறிவார்கள். ஒருவரும் எறியவில்லை. செம்மஞ்சள் பெடியள் ஓடி வந்து அகிலனின் தலைக்கவசத்தில் தட்டினார்கள். அவன் அசையாமல் கவினின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பரிமளம் கையில் ரோல்ஸ் பெட்டியோடு எழும்பி நின்றாள்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா?

வதனியின் குளியலறைத் தண்ணீர் அன்றைக்குத்தான் நின்றது. இத்தனை வருடமாக என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்! தூக்குப் படுக்கையில் அந்தப் பிள்ளை போகும்போது, நான் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். அழுகிறேன் என்று வதனி நினைத்தாள். என் தோளைத் தடவினாள். போர்வைக்குள் நான் சிரித்தேன்.

கவினுக்கு ஒப்பரேசன். பெரிய லீக் ஆட்கள் வந்தவழியே போனார்கள். இனி அந்தக் காலால் பந்தோடு ஓட்டமில்லை என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் பால்மாவும் தோடம்பழமும் கொண்டுபோய்ப் பார்த்தேன். பரிமளம் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்தாள்.

"பிழை என்ரை, அக்கா. நீங்கள் பிள்ளையின்ர மனம் நோகக்கூடாதெண்டு சொன்னனீங்கள். நான் படிச்சவள், டாக்குத்தரிட்டையெல்லோ கொண்டு போயிருக்கவேணும்."

படித்தவள்! அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே சொல்லி அழுதாள், இந்தக் கைநாட்டுக்கு முன்னால். நான் அவள் முதுகைத் தடவிவிட்டேன். வடிவாகத் தடவினேன். இறங்கி வரும்போது படிகளில் என் முழங்கால் நோ ஒன்றும் தெரியவில்லை.

இங்கே முடிந்திருந்தால் நான் போனைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன்.

அந்த மாட்சைச் செம்மஞ்சள்தான் வென்றது. அரையிறுதியில் அகிலன் விளையாடினான். அதை விளையாட்டென்று சொல்லலாமா? பந்தோடு வருகிறவன் நேரே வருவான், இவன் கையை நீட்டுவான், கடைசி நொடியில் எடுத்துவிடுவான். தாழப் பாயவே மாட்டேன் என்கிறான்! பயிற்றுநர் கத்திக் கத்திக் கடைசியில் வெளியே இருத்தினார். செம்மஞ்சள் தோற்றது. சீசன் சரி. அறையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். இனி விளையாடவில்லையாம். வதனி எதைக் கேட்டாலும் களைப்பு என்கிறான். சனிக்கிழமைகளில் மட்டும் கவினிடம் போய்வருகிறான்.

போன கிழமை அவனாகவே குசினிக்கு வந்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அம்மம்மா, நான் அவன்ர இடுப்பைப் பார்த்தோ பாய்ஞ்சனான், காலைப் பார்த்தோ? வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறன். எனக்கே தெரியேல்லை."

பழுத்த இலைகளைக் கிள்ளி ஒதுக்கினேன்.

"நாங்கள் வெல்லவேணும் எண்டோ அதைச் சொன்னனீங்கள்?"

"ஓம் ராசா. உனக்காகத்தான்."

அவன் தலையை ஆட்டினான். என்னில் கோபமே இல்லை. என் தோளில் கை வைத்துச் சொன்னான்: "அப்ப பிழை என்ரைதான். நான்தானே விளையாடினனான்."

கீழே நிலவறையிலுள்ள தன் அறைக்குப் போய்விட்டான்.

அவன் நெஞ்சிலிருக்கிறதை இறக்கிவிட என்னிடம் ஒரு சொல் இருக்கிறது. அந்தக் கால் உன்னிடம் வரும்போதே பழுது, ராசா, அது எனக்குத் தெரியும், தெரிந்தே ஓடச் சொன்னேன், உன்னை வைத்து நான் என் பழியைத் தீர்த்துக்கொண்டேன்... இவ்வளவுதான். சொன்னால் அவன் மறுபடியும் சாப்பிடுவான், நித்திரை கொள்வான்.

சொன்னால் அடுத்த சனிக்கிழமை அவன் அதைக் கவினிடம் சொல்வான். கவின் பரிமளத்திடம் சொல்வான். அவள் மறுபடியும் தலை நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள்... லிஃப்டில் பார்த்த அதே பார்வை.

என் பேரனா, அவளின் குனிந்த தலையா? இப்படிக் கேட்டால் எந்தக் கிழவியும் பேரன் என்றுதான் சொல்வாள். நானும் தினமும் அப்படித்தான் சொல்கிறேன். சொல்லிக்கொண்டு நிலவறைப் படிவரைக்கும் போகிறேன். கைபிடியைப் பிடித்தபடி நிற்கிறேன். கீழே அந்த வீடியோ ஓடுகிற சத்தம் கேட்கிறது.

திரும்பி வந்துவிடுகிறேன்.