அட்டைக்கு மூன்று டேக்

ஏலக்காய் கம்பெனியில் பி.ஆர். வேலை எனக்கு. முன்பு பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்பினால் போதும். இப்போது ரீல்ஸ்காரரைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போக வேண்டும்.

இன்று வண்டன்மேட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்த முருகேஸ்வரி அக்கா, காலில் ரத்தம் குடித்துக்கொண்டிருந்த அட்டையை உப்பு தேய்த்து உதிர்த்தார்.

ரீல்ஸ்காரர் பதறிவிட்டார். "ஐயோ, அதுதானே கன்டென்ட்! இன்னொன்னு ஏத்தி விடுங்க."

தேடிப் பிடித்து, இலையில் ஏந்திப் போய் அக்கா காலில் விட்டது நான்தான்.

மூன்றாவது டேக்கில் அக்கா கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "அட்டைகூட வயிறு நெறஞ்சா தானா விழுந்துரும் சார்."

அந்தப் பேச்சை மட்டும் வெட்டிவிட்டு, 'உழைப்பின் வாசம்' என்று கேப்ஷன் போட்டு ஏற்றியிருக்கிறேன்.

லைக் போடுகிறவர்கள் போடலாம். காறித் துப்ப வேண்டியவர்களுக்கு கமென்ட் திறந்தே இருக்கிறது.