வாசலில் நிற்கும் தலைமையாசிரியை

காலை எட்டு மணிக்கு சாந்தாமணி டீச்சர் தறி குடோன் வாசலில் நிற்கிறார். உள்ளே எட்டுத் தறிகள் ஓடுகின்றன. அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் இவர் கூப்பிடுவதில்லை. உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் நிற்பார். ஐந்து நிமிடம் போனதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்துகொள்வார்.

"டீச்சர் செருப்பைக் கழட்டீட்டாங்கன்னா அப்பறம் போக மாட்டாங்க" என்று குடோன்காரர் செங்கோடன் என் காதருகே வந்து கத்தினார். "இந்தப் பிடிவாதத்துல எனக்குக் கால்வாசி இருந்திருந்தா இன்னேரம் ஒரு மில்லே கட்டியிருப்பேனுங்க."

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு இவர் தலைமையாசிரியை. வயது ஐம்பத்து மூன்று. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட நூல் சேலை, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் தேர்வு விண்ணப்பங்களும் மை பேனாவும் சாப்பாட்டு டப்பாவும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கிடக்கும். கோவையில் தனியாகக் குடியிருக்கிறார். உடுமலைப்பேட்டையில் ஓர் அக்கா உண்டு. பொங்கலுக்குப் போய்வருவதோடு சரி.

உண்மையைச் சொன்னால் நான் பத்திரிகைக்கு எழுத வந்தது இவரைப் பற்றி அல்ல. இவருக்கு முன்பு இங்கே இருந்த நஞ்சுண்டன் சாரைப் பற்றி. பத்தாம் வகுப்பில் ஐந்து வருடம் தொடர்ந்து நூறு சதவீதம் காட்டியவர். வந்து விசாரித்தால், மனிதர் பொள்ளாச்சிப் பக்கம் மாற்றலாகிப் போய் ஒரு வருடம் ஆகிறது. வராந்தாவில் அவருடைய தேர்ச்சிப் பலகைதான் இருந்தது. 1991 முதல் 1995 வரை ஐந்து நூறுகள். அவற்றுக்குக் கீழே 1996-க்கு சதவீதமே இல்லை. '38 பேர் எழுதி 29 பேர் தேர்ச்சி' என்று எழுதியிருந்தது.

நஞ்சுண்டன் சாரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பிரம்பைத் தொடாமலே பள்ளிக்கூடத்தை நடுங்க வைத்தவராம். அரையாண்டுத் தேர்வில் தேறாத பிள்ளைகளின் பெற்றோரை வரச் சொல்லி, "டிசி வாங்கிக்குங்க, பொறவு தனியா எழுதட்டும்" என்பார். அந்தப் பிள்ளைகள் பிறகு தறிக்குப் போனார்களே ஒழிய, பரீட்சைக்குப் போகவில்லை. கடைசி வருடம் வகுப்பில் முப்பத்தேழு பேர். பரீட்சைக்குப் போனவர்கள் இருபத்தொரு பேர். இருபத்தொருவரும் பாஸ். நூறு ஏன் வராது?

சாந்தாமணி டீச்சர் பொறுப்பேற்ற வருடம் முப்பத்தெட்டுப் பேரையும் அனுப்பினார். ஒன்பது பேர் தேறவில்லை. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரே வரியில் பதில் எழுதினாராம்: 'இருந்தவர்கள் அனைவரும் எழுதினார்கள்.'

அவர் மேசைமேல் ஓர் அழைப்பு மணி இருக்கிறது. அதை அழுத்தி யாரும் பார்த்ததில்லை. சாக்பீஸ் வேண்டுமென்றால் தானே போய் எடுத்து வருவார். ஒரு வாத்தியார் லீவு போட்டால் அந்த வகுப்புக்குத் தானே போய் நிற்பார். "ஏனுங்க, இந்தம்மா ஹெட்மாஸ்டர் ஆனதுல இருந்து எனக்கு வேலையே இல்லீங்க" என்று அலுத்துக்கொண்டார் பியூன் பங்காரு. "கூப்பிட்டாத்தானுங்களே வர முடியும்?"

மதியம் அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன். பெரிய அறை. கதவு அகலத் திறந்திருந்தது. எதிரே நான்கு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தயிர்சாதத்தைச் சுவரைப் பார்த்தபடியே சாப்பிட்டார். பக்கத்தில் ஆசிரியர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தபோது கை ஒரு நொடி நின்றது. பிறகு சாப்பிட்டார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

சாந்தாமணி டீச்சர் இதே பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்த காலத்திலிருந்து பதினொரு வருடம் அவரோடு ஒன்றாகச் சாப்பிட்டவர் அறிவியல் ஆசிரியை நாச்சியம்மாள். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே இருக்கை. ரிசல்ட் வந்த நாளிலிருந்து நாச்சியம்மாள் அடுத்த பஸ்ஸில் வருகிறார். அவர் பாடத்தில் ஒன்பது வருடமாக ஒருவர்கூடத் தவறியதில்லை. பத்தாவது வருடத்தில் ஏழு பேர்.

"அவுங்க நல்லவிங்கதானுங்க" என்றார் நாச்சியம்மாள். "எல்லாரையும் அனுப்பறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களா? நாமினல் ரோல், பரீட்சை எழுதறவிங்க லிஸ்ட்டு, போனதுக்கப்பறம் கிளார்க் சொல்லித்தான் எனக்கே தெரியும். முன்னாலயே கேட்டிருந்தா சாயங்காலம் உக்காத்தி வெச்சுச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டனா? ஏழுல அஞ்சாவது கரையேறியிருக்கும்."

இதை சாந்தாமணி டீச்சரிடம் சொன்னேன்.  "கேட்டா வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்களோன்னு பயமுங்க" என்றார். "சொல்லிப்போட்டா அவங்களை மீறித்தானுங்களே அனுப்போணும்? அதனால கேக்கவே இல்லீங்க."

மறுநாள் செப்டம்பர் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். காலையில் மறுபடி குடோனுக்குப் போனோம். தவறிய ஒன்பது பேரில் எட்டுப் பேரின் விண்ணப்பம் பைக்குள் வந்துவிட்டது. பாக்கி பிரவீனா. பன்னிரண்டு நாளாக சாந்தாமணி டீச்சர் இந்த குடோன் வாசலில் நிற்பது அவளுக்காகத்தான். தினமும் அவள் ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வாள்.

அன்று தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். தலையெல்லாம் பஞ்சு.

"பேப்பர்ல என்ர நெம்பரு இல்லீங்க டீச்சர். எங்கய்யன் அந்தப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே இருந்தாரு. மறுக்கா அதைப் பாக்க என்னால ஆகாதுங்க."

"அனுப்புனது நானு. தப்பு என்னுது கண்ணு."

"கணக்கு நீங்க சொல்லிக் குடுப்பீங்க. நான் போனது அறிவியல்ல. அதை ஆருங்க சொல்லிக் குடுப்பாங்க?"

 பிரவீனா விண்ணப்பத்தை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் உடனே கொடுக்கவில்லை. "நாச்சியம்மா டீச்சர் சொல்லித் தாரேன்னா இதை அனுப்புங்க. இல்லீன்னா கிழிச்சுப்போடுங்க" என்று சொல்லி நீட்டினாள்.

"கேக்கறேன் அம்மணி" என்றார் சாந்தாமணி டீச்சர்.

பள்ளிக்கு நடந்து வந்தோம். அவர் தன் அறைக்குப் போகவில்லை. ஒன்பது விண்ணப்பங்களையும் கையில் பிடித்தபடி நேராக ஆசிரியர் அறை வாசலுக்குப் போனார். அவரைக் கண்டதும் உள்ளே பேச்சு நின்றது. ஜன்னலோரம் நாச்சியம்மாள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சிவப்பு மை பேனா ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. தலை நிமிரவில்லை.

இங்கே தறிச் சத்தம் இல்லை. மெல்லக் கூப்பிட்டாலே போதும். சாந்தாமணி டீச்சர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். முதல் மணி அடித்தது. மற்ற ஆசிரியர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டி வகுப்புக்குப் போனார்கள். நாச்சியம்மாள் அடுத்த நோட்டை எடுத்துப் பிரித்தார்.

சாந்தாமணி டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நிலையில் சாய்ந்துகொண்டார்.