அம்மாவுக்கு வந்த மரப்பட்டைத் துணி

1974-ஆம் ஆண்டு. சிட்னியில் பிளாக்டவுன் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் கணவரும் குடியிருந்தோம். வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. தெருவில் தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. அவர் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரை எனக்கு ரேடியோதான் துணை.

ஒருநாள் திருச்சியிலிருந்து தந்தி வந்தது. அம்மா போய்விட்டாள். அது கைக்குக் கிடைத்தபோது அங்கே தகனமே முடிந்திருந்தது. மறுநாள் காலையில் கணவர், "லீவு தரமாட்டேங்கறான். சீக்கிரம் வந்துடறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வரவில்லை. அழுவதற்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது.

அன்று பகலில் யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு டோங்கா தீவுக்காரி. என் வயதுதான் இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பாள், அவ்வளவுதான் பழக்கம். என் கணவர் போகிறபோக்கில் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கறுப்பு உடுத்தி, அவர்கள் துக்க வழக்கப்படி இடுப்பில் பாய் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கையிலிருந்த பெரிய மடிப்பைப் பிரித்தாள். பழுப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட துணி, கூடம் முழுக்க விரிந்தது.

"மரப்பட்டைய அடிச்சு அடிச்சு செய்யற துணி. எங்கம்மா செஞ்சது. எங்க ஊர்ல செத்தவங்களுக்கு இதத்தான் போத்துவோம். இது உங்கம்மாவுக்கு" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள். என் ஆங்கிலமும் அந்த லட்சணம்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தாய் செத்தால் மூன்றே நாள் தீட்டு. மூன்றாம் நாள் தலைமுழுகிவிட்டு, வீட்டிலிருந்த துணியையெல்லாம் வாரிக் குளியல் தொட்டியில் நனைத்தேன். ஆசாரத்தில் நான் கொஞ்சம் கெடுபிடி. பக்கத்து வீட்டுக்காரி கொடுத்ததையும் துணி என்றுதானே சொன்னாள்! சேர்த்து முக்கிவிட்டேன்.

அரைமணி கழித்துப் பார்த்தால் தண்ணீர் பழுப்பாகியிருந்தது. கிழங்குப் பசை போட்டு ஒட்டிய பட்டையாம், எனக்கு என்ன தெரியும்? தூக்கியதும் ஊறின அப்பளமாகக் கையோடு பிய்ந்து வந்தது. அம்மாவுக்கு வராத அழுகை அப்போது வந்தது. அந்த ஊரில் துக்கம் கேட்க வந்தவள் அவள் ஒருத்திதான். இனி எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன்?

அன்றே வந்துவிட்டாள், வேகவைத்த கிழங்கோடு. பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல மனம் வரவில்லை. கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. தன் பாஷையில் ஏதோ சொன்னாள். நிச்சயம் பாராட்டு இல்லை. "எதுக்குத் தண்ணில போட்ட?"

"சாவு வீட்டுத் துணிய நனைக்காம வெச்சிருக்கக் கூடாது. எங்க வழக்கம்."

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, பிய்ந்த துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மண்வெட்டி இருக்கா?" என்றாள்.

அவர்கள் ஊரில் போர்த்திய துணியும் செத்தவர்களோடு குழிக்குள் போய்விடுமாம். இருவருமாக வாளியில் அள்ளிப்போய் எங்கள் கொல்லையில் புதைத்தோம். மண்ணைத் தள்ளுமுன் அம்மாவின் பெயரைக் கேட்டு, தன் பிரார்த்தனைக்கு நடுவே சொன்னாள். அவள் வாயில் அது நசுங்கித்தான் வந்தது. ஆனாலும் அந்த ஊரில் இன்னொருத்தர் என் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அதன்பின் எத்தனையோ வீடு மாறிவிட்டேன். அம்மாவின் சாம்பலைக் கரைத்த ஆற்றங்கரையில் நான் நிற்கவில்லை. ஆனால் அவளுக்காக என் கையால் தள்ளிய மண் பிளாக்டவுனில் இருக்கிறது, அது போதும் என்றுதான் இன்றுவரை என் மனம் ஆறியிருக்கிறது.