தாலாட்டின் வேர்ச்சொல்

எங்கள் மொழியியல் வகுப்பில் கட்டுரை எழுத ஆளுக்கொரு வேர்ச்சொல் பங்கிட்டபோது குதிரை, சக்கரம், நெருப்பு எல்லாம் ஆண்களுக்குப் போயின. பேராசிரியர் தில்லியிலேயே தலை நரைத்த தமிழர். என் பக்கம் திரும்பி, "அச்சா, உங்க வீட்ல கைக்குழந்தை இருக்குல்ல? அப்ப 'லல்' உங்களுக்குத்தாம்மா" என்றார். அதையே ஆங்கிலத்தில் வகுப்புக்கும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் தாய் என்று சொல்லப்படும், எழுத்தில் எங்கும் கிடைக்காத இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'லல்' என்று ஒரு வேர் இருந்திருக்கலாம். தாலாட்டுப் பாடுவதைச் சொல்லும் லத்தீன் 'லல்லாரே', மழலையைச் சொல்லும் ஜெர்மன் 'லல்லன்' எல்லாம் அதன் வாரிசுகளாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். இப்படி ஊகித்த வேருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். நான் கூடவே ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

காரணம் இருந்தது. வேத மொழியின் பழைய பகுதிகளில் மூலத்து 'ல' பெரும்பாலும் 'ர' ஆகிவிடும். குழறலைச் சொல்லும் சமஸ்கிருத 'லலல்லா' மட்டும் ஏன் மாறவில்லை? போதாததற்கு, சரோஜினி நகரில் எங்கள் மாடிப்படியைச் சுற்றியிருந்த பஞ்சாபிக் குழந்தை, வங்காளிக் குழந்தை, என் மகள் மூன்றுமே 'லல்லல்லா' என்றுதான் உளறின. ஒவ்வொரு குழந்தையும் தானாக உண்டாக்கும் ஒலிக்கு வம்சாவளி எழுத முடியுமா? நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று பயந்து, மகளை மடியில் போட்டுக்கொண்டு அகராதிகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன். சந்தேகம் தீரவில்லை.

கட்டுரைகளைப் படிக்கவேண்டிய கருத்தரங்குக்கு முதல் நாள் என் கட்டுரையின் சைக்ளோஸ்டைல் பிரதிகள் வந்தன. கேள்விக்குறியைக் காணோம்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் பேராசிரியர். "அம்மாக்களுக்கு எல்லாத்துலயும் பயம். வீட்டு அனுபவம்லாம் சான்று ஆகாதும்மா."

வீட்டில் குழந்தை இருக்கிறதென்றுதானே என் தலையில் கட்டினார்! 'ர' பற்றி எழுதிய பக்கத்தை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினேன்.

"ஒரு கேள்விக்குறிக்கா இத்தனை ரகளை? டிகிரியை ஜல்தி முடிச்சிட்டு வா."

"எனக்கே நம்பிக்கையில்லாதது என் பேர்ல போகுதுங்க."

"யாரு படிக்கப்போறா?"

அதுதான் பொறுக்கவில்லை. நாங்கள் எழுதியதை ஒருவரும் படிக்கமாட்டார்கள் என்பதில் இந்த ஆண்களுக்கு எத்தனை நிச்சயம்!

மறுநாள் அரங்கின் வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் கேள்விக்குறியைப் போட்டேன். பாதியில் பேராசிரியர் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டுப் போடறீங்க?"

"கட்டுரை என்னுது சார்."

"மார்க் நான் போடணும். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இரண்டு வருடப் படிப்பு, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த குழந்தை, எல்லாமே ஞாபகத்தில் இருந்தன.

"போடுங்க சார்" என்று, மேலே இருந்த பிரதியை அவரிடமே நீட்டினேன். "மை இன்னும் காயல. பாத்துப் பிடிங்க."