ஊற்றிய தண்ணீருக்குக் கட்டம் இல்லை

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எண்பதுகளின் நடுவில், மழை இல்லாமல் கிணறெல்லாம் வற்றிக் கிடந்த சமயம், கடலோர ஊர்களை ஆராய்கிறவர்கள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். காவிரி கடலில் சேரும் இடத்தில் குடிதண்ணீர்க் கிணறுகள் உப்பாகின்றனவாம். மேலே எங்கள் பக்கம் மழை மாறுவது தெரிந்தால்தான் கீழே கடலோரம் நடப்பது புரியும் என்றார்கள். என் காட்டு ஓரத்தில் ஒரு மழைமானியை நட்டு, கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள்.

"தெனம் காலைல எட்டரைக்கு உள்ள என்ன இருக்குதோ, அதை அளந்து எழுதுங்க. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்" என்றார் மூத்தவர்.

தினமும் குளித்துவிட்டுப் போவேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து மூடியைத் திறப்பேன். பூஜ்யம் எழுதுவேன். என்ன சாமான் அது என்று யாராவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். நாலு பேர் எதிரில் பேச எனக்கு வராது.

பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்குத் தொலைவிலிருந்த ஓடை ஊற்றுக்கு நடந்தார்கள். எங்கள் எருமை படுத்தால் எழ முடியாத நிலைக்கு வந்திருந்தது. வறட்சிப் பட்டியலில் ஊர் பேர் ஏறினால் லாரியில் தண்ணீர் வரும். அந்த ஒரு நம்பிக்கைதான் எல்லாருக்கும்.

ஒரு நாள் காலை மழைமானிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. உள்ளே நிறையத் தண்ணீர். விடியுமுன்னே என் மனைவியும் இன்னும் நாலு பெண்களும் ஆளுக்கொரு சொம்பு ஊற்றிக் கும்பிட்டிருக்கிறார்கள். நான் அளந்தேன். இருந்ததை எழுதினேன்.

பத்து நாள் கழித்துப் பட்டியலுக்காக விசாரிக்கக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். சுற்று வட்டாரத்தில் மழைக் கணக்கு என் நோட்டில்தான் இருந்தது. புரட்டியவர் அந்தப் பக்கத்தில் நின்றார்.

"இங்க நல்ல மழை பேஞ்சிருக்குதே!"

அது ஊற்றியது என்று சொல்ல வேண்டும். வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பட்டியலில் எங்கள் ஊர் இல்லை. என் நோட்டிலிருந்த மழைதான் காரணம் என்று ஊருக்குள் பேச்சு வந்தது.

"ஏய்யா, ஊத்துன தண்ணின்னு சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுப் பெண் அவளை அடக்கினாள். "வுடுக்கா. அண்ணன் தெனம் குளிச்சிட்டுப் போயி குனிஞ்சுது. நாமதான சாமின்னு நெனச்சோம்."

அடுத்த முறை ஜீப் வந்தபோது மூத்தவரிடம் சொல்லிவிட்டேன்.

"பக்கத்துல ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே?"

"அதுக்குக் கட்டம் இல்லீங்க."

அவர் திட்டவில்லை. அந்த எண்ணை ஒரு கோடு போட்டு அடித்தார். என்னைத் தருமபுரிக்குக் கூட்டிப்போய்க் கலெக்டர் அலுவலகத்தில் எடுத்துச் சொன்னார். பட்டியல் மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

நான் வீடு திரும்புவதற்குள் எருமை செத்திருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்தேன். மனைவி பின்னாலேயே வந்து நின்றாள். அன்றுதான் அது என்னவென்று என் வாயால் அவளுக்குச் சொன்னேன். வானத்திலிருந்து விழுவதை அளக்கும், அவ்வளவுதான். எதையும் வரவழைக்காது என்றேன்.

வெறும் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"இதை அப்பவே சொல்லியிருந்தா அந்த அஞ்சு சொம்பும் எருமைக்காச்சும் ஆயிருக்கும்" என்றாள்.

நோட்டை எடுத்துப் பூஜ்யம் எழுதினேன்.