செருப்பைக் கழற்றச் சொன்னவர்கள்

மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது இரண்டு பேர் நடுவே நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்கிக்கொண்டு, ஒரு பக்கம் நன்றியாகவும் மறுபக்கம் புன்னகையாகவும் மாற்றிக் கொடுக்கிற வேலை. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் சம்பளம் வாங்கிய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிரித்துச் சிரித்து உங்களுக்கும் தாடை வலித்திருக்கும்.

நான் இருந்தது செவிலிமேட்டைத் தாண்டி, பாலாற்றங்கரைக் காலனியை ஒட்டிய ஒரு தொழுநோய் கிளினிக்கில். லண்டனில் தலைமை அலுவலகம். வெள்ளைக்காரன் ஆட்சியில் பஞ்சம் வந்தபோது கஞ்சித் தொட்டி வைத்த இடம் அது. அரிசியைக் கப்பலேற்றியது ஒரு துரை, கஞ்சி ஊற்றியது இன்னொரு துரை. கல்வெட்டில் இரண்டாமவர் பெயர் மட்டும் இருக்கிறது. தொழுநோய் குணமான பிறகும் பலருக்குக் கால் மரத்தே போயிருக்கும். முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பு சுட்டாலும் தெரியாது. அதனால் அவரவர் கால் வடிவத்துக்கு மெத்தென்ற ரப்பரில் செருப்பு தைத்துத் தர அங்கே ஒரு பட்டறை இருந்தது. அந்தச் செருப்பை நம்பித்தான் காலனி முனியம்மாக்கா கீரைக்கூடையோடு பிள்ளையார்பாளையம் தெருத்தெருவாக நடந்து பிழைத்தார்.

துரை இறங்கினார்

ஒருநாள் லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. காலனிய அடையாளங்களை எல்லாம் அகற்ற வேண்டுமாம். கூடத்துச் சுவரில் நிறுவனரின் பெரிய படம் இருந்தது. துரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், காலடியில் நோயாளிகள் தரையில் இருப்பார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல்தான். அதைக் கழற்றிய அன்று மனதுக்குள் விசில் அடித்தேன்.

அடுத்த வாரமே அந்த ஆணியில் முனியம்மாக்கா படம் ஏறியது. முகாமில் யாரோ எடுத்தது. கீரைக்கூடை, வெற்றிலைச் சிரிப்பு. அவரிடம் யாரும் கேட்கவில்லை. படத்தின் கீழே 'ஒரு பயனாளி, தமிழ்நாடு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், படித்துச் சொன்னேன். அண்ணாந்து படத்தைப் பார்த்தார். "அந்தத் தொரைக்காவது பேர் போட்டு மாட்டியிருந்தாங்க. என்னை மாட்டிட்டு எனக்குப் பேர் இல்லியாமா?"

மன்னிப்பு

பிறகு லண்டன் தலைமை அலுவலகத்து மேடமே நேரில் வந்தார். நல்ல பெண்மணிதான், காட்டன் புடவை கட்டிக்கொண்டு வந்தார். "எங்கள் முன்னோர் சாம்ராஜ்யத்தின் தோளில் ஏறித்தான் இங்கே வந்தார்கள். இந்த நிலம் உங்கள் மேய்ச்சல் நிலம். கலெக்டர் துரை அதைப் பிடுங்கி எங்களுக்குக் கொடுத்தார். அதற்காக வெட்கப்படுகிறோம், மன்னிப்புக் கேட்கிறோம்" என்றார். கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் என்று சொல்ல மாட்டேன். அப்படியே தமிழில் சொன்னேன்.

காலனியில் மாடு வைத்திருக்கும் ஏகாம்பரம் எழுந்து, நிலத்தை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்டார். மேடம் சென்னை அலுவலக சாரைப் பார்த்தார். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது சட்டச் சிக்கல் உள்ள விஷயம், வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும், இன்று மனம் ஆறுவதற்கான கூட்டம் மட்டுமே என்று பதில் வந்தது. முடிந்தவரை மென்மையாகத்தான் சொன்னேன். ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டார். "மன்னிப்பு கேக்க மட்டும் பிளேன் ஏறி வந்துட்டாங்க. நெலம்னா வக்கீல் வரணுமா?"

சமமாக உட்கார்வோம்

மறுநாள் கூட்டத்தில் நாற்காலிகளைக் காணவில்லை. நாற்காலி காலனிய மனோபாவமாம். எல்லோரும் உள்ளூர் வழக்கப்படி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் சமமாக உட்கார வேண்டும் என்பது மேடம் விருப்பம். சித்திரை மாதம், சிமென்ட் தரை, உச்சி வெயில். பந்தல் நிழல் பாதி முற்றத்துக்கு மேல் எட்டவில்லை. "சார், இவங்க செருப்பைக் கழட்டவே கூடாது" என்று சென்னை சாரிடம் சொன்னேன். "இது அவங்க கலாச்சாரம். மேடம் மனசு சங்கடப்படும், நீ சும்மா இரு" என்றார். தமிழ்தான் பேசினார், ஆனாலும் அதை எனக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் தேவலை என்றிருந்தது.

காலனிக்காரர்கள் உடனே கழற்றினார்கள். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கப்பட்ட தலைமுறை அது. பெரிய மனிதர் கழற்றச் சொன்னால் கை தானாகக் காலுக்குப் போய்விடும். மேடம் நிழலில் சம்மணம் போட்டு சமத்துவம் பேசினார். முனியம்மாக்கா நிழலில் உட்கார இடமில்லாமல் வெயில் பக்கம் நின்று கேட்டார். சூடு அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் இரண்டு பாதத்திலும் கொப்புளம், வலது காலில் தோலே உரிந்து வந்தது. பட்டறையில் செருப்பு தைக்கும் ஏசுதாஸ் அண்ணன்தான் கழுவிக் கட்டுப் போட்டார். சுதந்திரம் வந்த பிறகும் வெகுகாலம் இங்கேயே இருந்த ஒரு வெள்ளைக்கார நர்ஸை முனியம்மாக்கா அப்போது நினைத்துக்கொண்டார். "அந்த நர்சம்மா செருப்பக் கழட்டுனா திட்டும். ஊர்ல கழட்டலேன்னா திட்டுவாங்க. இவங்க இன்னாத்துக்குமா கழட்டச் சொன்னாங்க?"

இனி எல்லாம் உங்கள் கையில்

சில மாதம் கழித்து மேடம் திரையில் தோன்றினார். இனி உங்களுக்கு எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள், நாங்கள் காது கொடுத்துக் கேட்போம் என்றார். புண் ஆறாத காலோடு முனியம்மாக்கா ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார். காலனியில் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். அவர்தான் எழுந்து சொன்னார்: செருப்புப் பட்டறை இங்கேயே இருக்க வேண்டும், அதை நாங்களே நடத்திக்கொள்கிறோம்.

மேடம் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். ஆனால் அதிகாரத்தை உள்ளூர் மக்களிடம் ஒப்படைக்கும் திட்டத்தின்படி பட்டறையை மூடுவது என்று லண்டனில் ஏற்கெனவே தீர்மானித்தாகிவிட்டதாம். நிலத்தை விற்று, காலனியத் தவறுகளைச் சீர்செய்யும் நிதியில் சேர்க்கப் போகிறார்களாம். எங்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி கிடைக்குமாம். இதையும் தமிழில் சொல்லி முடித்தேன். முனியம்மாக்கா என்னைத்தான் கேட்டார். "முடிவ அவங்களே பண்ணிட்டு, நீங்க முடிவு பண்ணுங்கன்னா இன்னாமா அர்த்தம்?"

அழைப்பு

கிளினிக்கோடு சேர்த்து நிலத்தை விற்றாகிவிட்டது, இப்போது அங்கே புது கேட். ஏசுதாஸ் அண்ணன் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். எனக்கும் வேலை போனது. எனக்கென்ன, கால் இருக்கிறது, வேறு வேலைக்கு டவுன் பஸ் ஏறிவிட்டேன். அளவு எடுத்துத் தைக்க ஆளில்லாமல் சாதாரணச் செருப்போடு நடந்ததில் முனியம்மாக்காவின் புண் எலும்புக்குப் போனது. வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். கீரைக்கூடை பரண்மேல் ஏறிவிட்டது.

அப்போதுதான் லண்டனிலிருந்து எனக்கு மெயில். 'உதவியும் விடுதலையும்' என்று உலக அளவில் ஆன்லைன் கூட்டமாம். சுவரில் இருந்த அந்தச் சிரித்த முகத்துக்காரர் பேச வேண்டும், நான் மொழிபெயர்க்க வேண்டும். மறுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சொன்னேன். காலை நீட்டி உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். "வரேன்னு எழுதுமா. மூஞ்சி வாணாம். கேமராவ கால் பக்கம் வெச்சிடு."

இத்தனை வருட வேலையில் திரையில் அந்தப் பாதிப் பாதம் மட்டும் தெரிந்த ஒரு கூட்டத்தில்தான் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இருக்கவில்லை.